இல்ஸேயின் முறை

கார்ஹிங்
21.05.2025

அன்புள்ள சேயோன்,

தாலிக்குப் பொன்னுருக்கின பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். கொலோனில் என் மாமி மகள் கவிசாவுக்கும் அப்படித்தான் நடந்தது. ஆனால் அவளுக்குப் பொன்னுருக்கி மூன்றாம் நாள் கல்யாணம். நமக்கு சந்திரமௌலி ஐயர் பொன்னுருக்கப் பார்த்துக் கொடுத்த நாள் மே மாத நடுவில், மண்டபம் கிடைத்ததோ ஜூன் 22இல். உங்கள் அம்மாவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. "வீடியோவில பாக்கிறதும் பாக்கிறதுதான் பிள்ளை. போனிலயும் கதையாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜெர்மனில் எழுதிப் பார்த்தேன், காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதுவது போல இருந்தது. ஆகவே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைகளில் நாம் சேர்ந்து இணையத்தில் ‘ராபென்டால்’ என்ற கேம் விளையாடுவது உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. மைக்கை நிறுத்திவிட்டால் முகமும் இல்லை, குரலும் இல்லை, சம்பிரதாயத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான். போன சனிக்கிழமை அதில் வரும் அந்த ராட்சசி ஆலைக்கிழவியோடு மோதியபோது நீங்கள் என் வீராங்கனை இல்ஸேக்கு நான்கு தரம் மருந்து கொடுத்தீர்கள். மைக் இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

இன்னொரு தரம் சொல்கிறேன். இல்ஸே தன் இரத்தத்தைச் செலவழித்து வெட்டுகிறவள். உயிர் நிறைய இருக்கும்போது அவள் வெட்டு கிழவிக்கு நுளம்புக் கடி. உயிர் காற்பங்குக்குக் கீழே இறங்கினால்தான் வாள் சிவக்கும், ஒரு வெட்டு நான்கு வெட்டாகும். நான் கஷ்டப்பட்டு அவளை அந்த இடத்துக்கு இறக்கிக் கொண்டுவர, உங்கள் ப்ரூடர் ஓட்டோ மணியை ஆட்டிக்கொண்டு வந்து உயிரை நிரப்பிவிட்டுப் போகிறார். உங்களுக்கு அந்தத் துறவியைத் தெரிவு செய்து கொடுத்தது என் பிழை.

சரி, எழுத வந்த விஷயம் இது இல்லை.

முதல் தரம் சந்தித்தபோது தென்துருவ நிலையத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் "நல்ல விஷயம்" என்று சொல்லிவிட்டுக் கேக்கைப் பாதி வெட்டி என் பக்கம் தள்ளினீர்கள். நேற்று பிரேமர்ஹாஃபெனில் உள்ள துருவ ஆய்வு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். போக இருந்தவருக்கு முழங்கால் உடைந்துவிட்டதாம். அளவைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அடுத்த பெயர் என்னுடையது. ஆகஸ்ட்டில் பயிற்சி, டிசம்பரில் புறப்பாடு, பதினான்கு மாதம். அங்கே குளிர்காலம் தொடங்கினால் யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. ஒன்பது பேர், பனி, அவ்வளவுதான். ஜூன் 17க்குள் பதில் கொடுக்கவேண்டும்.

கல்யாணம் முடிந்த வருடமே இப்படி ஒன்று. போக ஆசையா, கேட்டுவிட்டார்கள் என்ற பெருமையா, எனக்கே விளங்கவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சிவப்பிரியா


ஹம்பேர்க்
25.05.2025

அன்புள்ள சிவப்பிரியா,

கடிதம் வந்தபோது அம்மாதான் தபால்பெட்டியைத் திறந்தவர். உம்முடைய எழுத்தைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். கடிதத்துக்குச் சாத்திரத்தில் தடை உண்டா என்று ஐயரிடம் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இல்லையென்று பதில் வந்திருக்கவேண்டும்.

துருவத்து விஷயம் பெரிய விஷயம். வாசித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு வேறு ஏதோ மாதிரியும் இருந்தது. போவதும் விடுவதும் உம்முடைய விருப்பம், நான் ஒருபோதும் தடையாக இருக்கமாட்டேன். அங்கே டொக்டர் இருக்கிறாரா? சத்திரசிகிச்சை செய்யத் தெரிந்தவரா, அல்லது காய்ச்சலுக்குக் குளிசை கொடுக்கிறவர் மட்டுமா? ஜெனரேட்டர் நின்றுபோனால் இரண்டாவது ஒன்று உண்டா? அப்பெண்டிக்ஸ் என்கிற குடல்வளரியை முன்னதாகவே எடுத்துவிட்டுப் போகச் சொல்வார்களாமே, உண்மையா? கேட்டு எழுதும்.

எனக்கு இப்படித்தான் கேட்க வரும். என் தொழிலை நீர் பகிடி பண்ணுகிறனீர். ஆனால் பத்து வருடமாக லிஃப்ட் பரிசோதிக்கிறவனுக்கு, ஒரு பெட்டி மேலே போகிறது என்றால் அது விழுந்தால் எது பிடிக்கும் என்பதுதான் முதல் கேள்வி. ஆறு கம்பி வடம் இருந்தாலும் ஏழாவதாக ஒரு பிரேக் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து வைப்பேன். இல்ஸேயின் உயிர்க்கோடு சிவப்பில் துடிக்கிறதைப் பார்த்தால் என் பெருவிரல் என்னைக் கேட்காமலே மருந்துப் பொத்தானுக்குப் போய்விடுகிறது. நேற்றும் அப்படித்தான் போனது. உமக்குக் கோபம் வந்திருக்கும், திரையில் இல்ஸே அசையாமல் நிற்கிறதைப் பார்த்தே விளங்கிவிட்டது.

வருகிற சனிக்கிழமை மருந்து கொடுக்கமாட்டேன். சத்தியம்.

சேயோன்


கார்ஹிங்
02.06.2025

அன்புள்ள சேயோன்,

டொக்டர் இருக்கிறார், சத்திரசிகிச்சை செய்வார். ஜெனரேட்டர் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. என் குடல்வளரியைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

சனிக்கிழமை நீங்கள் சொன்னபடியே மருந்து கொடுக்கவில்லை. இல்ஸே செத்துப்போனாள். நான் கேட்டதும் அதுதான், நடந்ததும் அதுதான். ஆனாலும் எனக்குச் சரியான கோபம் வந்தது. இவ்வளவு இறங்கியும் இந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று தோன்றியது. பிறகு, கொடுக்காதீர்கள் என்று எழுதியவளே நான்தானே என்று என்மேலேயே கோபம் வந்தது. என்னோடு வாழப்போகிறவரை நினைத்து எனக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

ஞாயிறு முழுக்கத் தனியே இருந்து பழைய சண்டைகளை ஆடிப் பார்த்தேன். ஒரு விஷயம் பிடிபட்டது. திரையின் ஓரத்தில் அடுத்தது யார், அதற்கடுத்தது யார் என்று முகங்கள் வரிசையாக வருமல்லவா, நாம் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. உயிர் குறைவாக இருப்பது ஆபத்து இல்லை. கிழவியின் முறை வரும்போது குறைவாக இருப்பதுதான் ஆபத்து. தன் முறைக்குச் சற்று முன்னால் இறங்கி, வெட்டி முடித்து, கிழவி திருகைக்கல்லைத் தூக்குவதற்குள் யாரையாவது முன்னால் விட்டுவிட்டால் இல்ஸேயை ஒன்றும் செய்யமுடியாது. அவளுக்குக் கேடயம் இல்லை, ஆனால் ஓட்டோவுக்கு இருக்கிறது. அவருடைய பட்டியலில் கடைசியாக ‘முன்னே நில்’ என்று ஒன்று கிடக்கிறது, பாருங்கள். அதை அழுத்தினால் அடுத்த அடி யாருக்கு வந்தாலும் அவர் வாங்கிக்கொள்வார். இத்தனை நாளும் அந்த மனிதரிடம் மணியைக் கொடுத்து ஆட்டவைத்திருக்கிறோம். ஆகவே மருந்தும் வேண்டாம், சும்மா நிற்பதும் வேண்டாம். முன்னே நில்லுங்கள்.

மற்றது, "உம்முடைய விருப்பம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பல தரம் வாசித்தேன். அதில் உங்களைக் காணவில்லை. கல்யாணப் புடவை என்ன நிறம் என்று கேட்டபோதும் இதே பதில்தான் வந்தது. புடவைக்குப் பரவாயில்லை. நான் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும், போகாவிட்டால் எப்படி இருக்கும்? தடையாக இருக்கமாட்டேன் என்றால் வேறு என்னவாக இருப்பீர்கள்? கடிதத்தில் ஒன்று சொல்கிறீர்கள், பெருவிரல் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் பேசினால் என்னை உடனே சமாதானப்படுத்திவிடுவீர்கள், நானும் சமாதானமாகிவிடுவேன். அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

சிவப்பிரியா


ஹம்பேர்க்
08.06.2025

அன்புள்ள சிவப்பிரியா,

வென்றுவிட்டோம். நேற்று கிழவி விழுந்ததும் நான் கதிரையை விட்டு எழுந்து கத்த, அப்பா குசினியிலிருந்து ஓடிவந்து கோல் போட்டது யார் என்று கேட்டார். ஓட்டோ முன்னே நின்று அந்தத் திருகைக்கல்லை வாங்கினாரே, அவருக்குப் பின்னால் இல்ஸே கிட்டத்தட்ட உயிரே இல்லாமல், வாள் சிவக்கச் சிவக்க நின்றாளே, அதை மறக்கமாட்டேன். நீர் வரிசையை எண்ணிச் செய்தது எனக்குத் தெரிந்தது. ஒரு முறை வேண்டுமென்றே வெட்டாமல் விட்டீர். அப்போது விளங்கவில்லை, இரண்டு முறை கழித்துத்தான் விளங்கியது.

அந்தச் சந்தோஷத்தோடு இன்னொரு காரியமும் செய்தேன். கவனமாக வாசியும்.

நான் என்னவாக இருப்பேன் என்று கேட்டிருந்தீர். கடிதம் வந்ததிலிருந்து அந்தக் கேள்வியோடுதான் லிஃப்டுகளில் ஏறி இறங்கினேன். நேற்று ஓட்டோவைப் பார்த்ததும் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. நீர் பயப்படுவது பனிக்கு இல்லை, நம்முடைய ஆட்களுக்கு என்று நினைத்தேன். அந்த அடியை நான் வாங்கினால் என்ன? இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கல்யாணம் முடிந்து டிசம்பரில் சிவப்பிரியா துருவத்துக்குப் போகிறா, பதினான்கு மாதம், எனக்குப் பூரண சம்மதம், யாரும் அவவிடம் ஒன்றும் கேட்கக்கூடாது, கேட்பதை என்னிடம் கேட்கவேண்டும் என்றேன்.

அம்மா கையில் எடுத்த பிட்டைத் திரும்பத் தட்டில் போட்டார். பிறகு, "தாலி ஏறின கையோட பொம்பிளையை ஐசுக்கை அனுப்பிப்போட்டு நீ இஞ்சை என்னடா செய்யப்போறாய்?" என்று கேட்டார். அப்பா, தென்துருவத்தில் இப்போது என்ன நேரம் என்று கேட்டார். நான் சாப்பிட்டு எழும்புமுன் அம்மா என் மாமிக்குப் போன் எடுத்துவிட்டார். மாமியிடமிருந்து கொலோனில் உம்முடைய சொந்தக்காரருக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது உமக்குத் தெரியும்.

இன்று காலையிலிருந்து அம்மா என்னோடு கதைக்கவில்லை. பரவாயில்லை, நான் முன்னே நிற்கிறேன். நீர் தைரியமாகக் கையெழுத்து வையும்.

சேயோன்


கார்ஹிங்
11.06.2025

சேயோன்,

நான் முடிவு எடுத்திருக்கவில்லை.

இல்லை, அதுவும் சரியில்லை. எடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து உ-பான் ரயிலில் வரும்போது, வேண்டாம், போகவில்லை என்று முடிவெடுத்தேன். மறுப்பு எழுதி வைத்துமிருந்தேன், அனுப்பவில்லை. திங்கட்கிழமை ஒரு தரம் வாசித்துவிட்டு அனுப்பலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை விளையாடும்போது மனம் லேசாக இருந்தது. ஒருவேளை அதனால்தான் அவ்வளவு நன்றாக விளையாடினேனோ தெரியாது.

ஞாயிறு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அம்மா போன் எடுத்தார். அழுகிறார். "ஊர்ச்சனத்துக்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிறது?" என்று கேட்கிறார். எதைப் பற்றி என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நான் துருவத்துக்குப் போகிறேன் என்பதை என் அம்மாவின் வாயால், வாயில் நுரையோடு நின்று அறிந்துகொண்டேன். அப்பா மட்டும் பின்னால் நின்று, அங்கே சோறு கிடைக்குமோ என்று கேட்டது காதில் விழுந்தது. பின்னேரம் கவிசா வாழ்த்து அனுப்பினாள். நேற்று உங்கள் மாமி எடுத்து, பிள்ளை ஏதும் கோபமோ, எங்கட பெடியனில் ஏதும் குறையோ என்று விசாரித்தார். உங்கள் கடிதம் அதற்குப் பிறகு, இன்றைக்குத்தான் வந்தது.

அடியை வாங்குவதற்கு முன்னே நின்றேன் என்கிறீர்கள். அடி விழவே இல்லையே. அது கிழவியின் முறை இல்லை, சேயோன். அது என் முறை. நான் யோசித்துக்கொண்டு இருந்தேன். அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான், தன் முறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், யாரும் தள்ளமாட்டார்கள். அந்த நேரத்தில் என் கையிலிருந்ததை வாங்கி என் ஆட்டத்தை நீங்கள் ஆடிவிட்டீர்கள். அதையும் அன்பாகச் செய்தீர்கள், அதனால் எனக்கு ஒழுங்காகக் கோபிக்கவும் முடியவில்லை.

இப்போது நான் போகவில்லை என்று சொன்னால் என் அம்மாவின் அழுகைக்குப் பயந்தவள். போகிறேன் என்றால் நீங்கள் அனுப்பிவைத்தவள். என் முடிவு என்று ஒன்று எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கல்யாணத்தையே நிறுத்திவிடலாமா என்றும் நேற்று யோசித்தேன். எழுதாமல் விடலாம்தான், ஆனால் யோசித்தது உண்மை.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. முன்னே நிற்கவேண்டாம், பின்னே நிற்கவேண்டாம், மருந்து வேண்டாம். உங்களுக்கு என்ன வேண்டும்? அதை மட்டும் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரை நேரம் இருக்கிறது.

சிவப்பிரியா


ஹம்பேர்க்
13.06.2025

சிவப்பிரியா,

போகாதேயும்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். இன்னும் அப்படியே இருக்கிறது. அழிக்கவில்லை.

எனக்கு நீர் போவது விருப்பம் இல்லை. முதல் கடிதத்தை வாசித்தபோது ‘வேறு ஏதோ மாதிரி’ என்று எழுதினேனே, அது இதுதான். சந்தோஷம் என்று முதலில் எழுதியது பாதிப் பொய். படித்த பெண்ணைத் தடுக்கிற மாப்பிள்ளை என்று என்னை யாரும் சொல்லக்கூடாது என்று பயந்தேன். நீர் சொல்லக்கூடாது என்று அதைவிடப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு விருப்பம், சம்மதம் என்று நல்ல நல்ல பெயர் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அம்மாவிடம் சொன்னதும் அப்படித்தான் என்று இப்போது படுகிறது. என்னால் தாங்கமுடியாத ஒன்றைக் கெதியாக முடித்துவிட்டால் பிறகு யோசிக்கத் தேவையில்லை. உமக்காகச் செய்ததா, எனக்காகச் செய்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உம்மை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

எனக்கு என்ன வேண்டும் என்றால், வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே லைட் எரியவேண்டும். சமைத்து வைக்கவேண்டாம், நான் நன்றாகச் சமைப்பேன். நீர் உள்ளே இருந்து ஏதாவது ஒன்றைப் பற்றிக் கத்திக்கொண்டு இருக்கவேண்டும். முப்பத்திநான்கு வயதுவரை நான் அப்படி ஒன்றை நினைத்ததே இல்லை. நினைக்கத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பதினான்கு மாதத்துக்கு ஒத்திவை என்றால் எனக்கு ஏலாது போல இருக்கிறது.

போனாலும் காத்திருப்பேன் என்று எழுதிப் பார்த்தேன். அது உண்மையாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை இங்கே எழுதினால் திரும்பவும் மணியை ஆட்டிக்கொண்டு வருகிறேன் என்பீர், அதனால் வெட்டிவிட்டேன். நீர் போனால் நான் கோபமாக இருப்பேன். எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது.

உம்முடைய அம்மாவுக்கு நேற்று எடுத்து, பிழை என்னுடையது, நீர் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்று சொன்னேன். அவர், "தம்பி, அவளை ஒருத்தராலயும் மறிக்க ஏலாது. நான் சும்மா அழுறனான்" என்றார்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

சேயோன்


கார்ஹிங்
17.06.2025

அன்புள்ள சேயோன்,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. தபால்காரி கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு படிக்கட்டிலேயே இருந்து வாசித்தேன். முதல் சொல்லைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். கோபமும் அதில் இருந்தது, ஆனால் அதிகம் இருந்தது வேறு.

இன்று பதினொரு மணிக்குக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். போகிறேன்.

இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. உங்களை எதிர்த்துச் செய்யவில்லை. போகாதேயும் என்று ஒருவர் சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன் என்பது அதை வாசித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உம்முடைய விருப்பம் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருந்தவரை எனக்குப் போகப் பயமாக இருந்தது. போனாலும் சரி, இருந்தாலும் சரி என்கிற ஒருவரை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போனால், திரும்பி வர எனக்கு என்று என்ன இருக்கும்? அந்த வெள்ளிக்கிழமை உ-பானில் வேண்டாம் என்று நான் முடிவெடுத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். இப்போது ஹம்பேர்க்கில் ஒரு மனிதர் கோபமாக இருப்பார். லைட்டை அவரே போடவேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு நாளும் என்னைத் திட்டுவார். அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்கு எங்கேயும் போகலாம் போல இருக்கிறது.

இது உங்களுக்கு நியாயமா? இல்லை. நீங்கள் கேட்டதைக் கொடுக்கவில்லை, நீங்கள் கேட்டதிலிருந்து தைரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நேற்று முழுக்க இதைத்தான் யோசித்தேன், நியாயமாக்க ஒரு வழியும் தெரியவில்லை. நான் செய்தது சரிதானா என்றும் தெரியாது. என் முடிவு என்பது மட்டும் தெரியும். உங்கள் அம்மாவுக்கு இன்று பின்னேரம் நானே எடுத்துச் சொல்லப்போகிறேன். நீங்கள் முன்னே நிற்கவேண்டாம். அவர் ஏசினால் எனக்கு ஏசட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்கு வருவேன். புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, எல்லாச் சனத்துக்கும் முன்னால் மணவறைக்கு வருவேன். நீங்கள் அங்கே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இவ்வளவுக்குப் பிறகு உங்களுக்கு மனம் இல்லாவிட்டால் எனக்கு விளங்கும், நான் கோபிக்கமாட்டேன் என்று எழுதத் தொடங்கினேன். அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. எனக்கு விளங்காது. கோபிப்பேன். சாகும்வரை கோபிப்பேன்.

வாங்கோ, சேயோன்.

சிவப்பிரியா